உப்பைக் கடன் கொடுத்த ஊர்

திராட்சைக் குன்றுகளுக்கு நடுவே கிடக்கும் மெஜ்ஹலோம் என்ற ஹங்கேரிய ஊருக்கு, திராட்சைக் கொடிக்கு வரும் நோய்களைப் பற்றிப் படிக்கப் போன உலகம்மாள், குளிர் தொடங்கிய ஒரு சாயங்காலம் குழம்பு கொதித்துக்கொண்டிருக்கையில் உப்பு தீர்ந்துபோனதைக் கண்டு, கீழப்பாவூரில் இருந்தால் என்ன செய்வாளோ அதையே செய்தாள். ஒரு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு பக்கத்துக் கதவைத் தட்டினாள். விளக்கு வைத்த பிறகு உப்புக் கேட்கக் கூடாது என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் அந்த நாட்டில் குளிர்காலத்தில் நாலு மணிக்கே விளக்கு வைத்துவிடுகிறார்கள். அதையெல்லாம் பார்த்தால் பாதி வருஷம் சப்பென்றுதான் சாப்பிட வேண்டியிருக்கும்.

கதவைத் திறந்தவள் வீட்டுக்காரி இலோன்கா. பள்ளிக்கூடத்துச் சமையலறையில் பிள்ளைகளுக்கு மத்தியானச் சாப்பாடு ஆக்குகிறவள். உலகம்மாளுக்கு வாடகைக்கு விட்ட அறையில் அவளுக்கு முன்பும் வெளிநாட்டுப் பிள்ளைகள் குடியிருந்ததுண்டு. வேண்டியதைக் கைபேசியில் எழுதிக் காட்டுவார்கள், வாங்கிக்கொண்டு போவார்கள். யாரும் கிண்ணத்தை நீட்டிக்கொண்டு நின்றதில்லை. இலோன்கா கிண்ணத்தைப் பார்த்தாள், அடுப்பைக் காட்டி நாக்கைத் தொட்டு முகத்தைச் சுளிக்கும் பெண்ணைப் பார்த்தாள், கிண்ணம் நிறைய உப்பை அள்ளிப் போட்டு, பால்குடிப் பிள்ளைக்குச் சொல்வதுபோல வாயைக் குவித்து, "ஷோ" என்றாள். உலகம்மாள் கூச்சத்தில் திருப்பிச் சொல்லவில்லை. உப்பையும் சொல்லையும் வாங்கிக்கொண்டு தன் அறைக்குப் போனாள்.

மறுநாள் பள்ளிக்கூடத்துச் சமையலறையில் இலோன்கா உதவிக்காரியைப் பார்த்து, "அதை எடு" என்றாள். "எதை?" "அதைத்தான், வெள்ளையாக, கண்ணீரில் இருக்குமே, கடலில் இருக்குமே, அதை." பிள்ளைகள் அன்று சப்பென்று சூப்புக் குடித்தார்கள். கடைக்குப் போய் அலமாரி முன்னால் நின்று விரலால் காட்டினாள். பொட்டலத்தில் எழுதியிருந்ததைப் படிக்கப் பார்த்தாள். பொருள் தெரிந்தது, ருசி தெரிந்தது, சொல் மட்டும் வரவில்லை. அது இருந்த இடம் பல் விழுந்த இடம்போல இருந்தது. நாக்கு போய்ப் போய்த் தொட்டது, வெறுமனே திரும்பி வந்தது.

அந்த வாரக் கடைசியில் உலகம்மாள் கிண்ணத்தோடு வந்து கதவைத் தட்டி, தானாகவே, தன் தேவைக்காகவே, "ஷோ" என்றாள். இலோன்காவின் வாய் திறந்துகொண்டது. "ஷோ!" என்றாள். "ஷோ! ஷோ!" என்று தெருவுக்கே ஓடிப்போய்க் கத்தினாள், ஜன்னல்கள் திறந்தன. சொல் அவளுக்கும் திரும்பி வந்துவிட்டது, உலகம்மாளிடமும் தங்கிவிட்டது.

அத்தோடு நின்றிருந்தால் ஒன்றுமில்லை. ஆனால் உலகம்மாள் தன் அம்மா கோமதியின் மகள். கீழப்பாவூரில் பீடி சுற்றிப் பிழைக்கும் கோமதி, அடுத்த வீட்டுப் பாத்திரத்தை ஒருநாளும் வெறுமனே திருப்பிக் கொடுக்க விட்டதில்லை. "வெறும் ஏனத்தக் குடுத்தா அவ்வோ வீடும் வெறுசாப் போவும், நம்ம வீடும் வெறுசாப் போவும். ஒரு கைச் சீனியாது போட்டுக் குடுட்டி" என்பாள். சொல்லைத் திருப்பிக் கொடுத்த அன்று உலகம்மாளிடம் சீனியும் இல்லை, ஒன்றும் இல்லை. அதனால் கிண்ணத்தை நீட்டும்போது, அதற்குள் வைப்பதுபோல, "உப்பு" என்றாள். இலோன்கா இரண்டு கையாலும் வாங்கி, "உப்பு" என்று தனக்குள் சொல்லிப் பார்த்து, மார்போடு அணைத்துக்கொண்டாள். அன்று சாப்பிட உட்கார்ந்த உலகம்மாளுக்கு ரசத்தில் எதுவோ கொஞ்சம் தூக்கலாக இருப்பதாகத் தெரிந்தது. எது என்று தமிழில் சொல்ல வரவில்லை.

ஏன் இப்படி நடக்கிறது என்று மெஜ்ஹலோமில் யாரும் கேட்கவில்லை. அந்த ஊரில் பனி பெய்தால் மண்வாரியை எடுப்பார்கள், ஏன் பெய்கிறது என்று கேட்க மாட்டார்கள். ரொட்டிக்கடை வரிசையில் இதே பேச்சாக இருந்தது. பாவம், நாக்கில் ஒன்றுமில்லாமல் எவ்வளவு தூரம் வந்திருக்கிறாள், நம்மிடம்தான் கொட்டிக் கிடக்கிறதே, ஆளுக்கு ஒன்று கொடுத்தால் என்ன குறைந்துவிடும் என்று பேசிக்கொண்டார்கள்.

"நான் 'ஜன்னல்' கொடுக்கிறேன்" என்றாள் ஒருத்தி. "வசந்தம் வரைக்கும் அதைத் திறக்கப் போவதில்லை."

"ஜன்னலை வைத்துக்கொண்டு அவள் என்ன பேசுவாள்? 'ஓடு', 'உட்கார்', 'எடு' என்று ஏதாவது கொடுங்கள்."

"உன்னிடம்தான் நிறைய இருக்கிறதே, காலையிலிருந்து பேசிக்கொண்டே இருக்கிறாய், நீ கொடு."

மருந்துக்கடை மார்த்தாதான் ஊரில் நியாயம் தெரிந்தவள், மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பேசுகிறவள். அவள் சில ஒழுங்குகளைச் சொன்னாள். தீயணைப்புக்காரர்கள் 'தண்ணீர்' கொடுக்கக் கூடாது. பேறு பார்க்கும் தாதி 'மூச்சு' கொடுக்கக் கூடாது. ஒரே வீட்டில் இரண்டு பேர் ஒரே சமயத்தில் கொடுத்தால் வீடு ஊமையாகிவிடும், அதுவும் வேண்டாம். சொல்லிவிட்டு அவளே முன்மாதிரியாக 'வலி'யைக் கொடுத்தாள். அந்த வாரம் முழுக்க மருந்து வாங்க வந்தவர்களிடம் "எங்கே அது?" என்று கேட்டாள், அவர்கள் தொட்டுக் காட்டினார்கள், அப்படித் தொட்டுக் காட்டும்போது பாதி குறைந்துவிட்டதாகச் சில பேர் மருந்து வாங்காமலே போனார்கள்.

அந்த ஊரிலும் மூத்தவர்களை மொட்டையாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பெயருக்குப் பின்னால், அத்தை என்பதுபோலப் பெண்களுக்கு 'நேனி', மாமா என்பதுபோல ஆண்களுக்கு 'பாச்சி' என்று சேர்த்துக்கொள்வார்கள். மீசை வைத்த ஆம்பளையைப் 'பாச்சி' என்று கூப்பிட உலகம்மாளுக்கு முதலில் வாய் வரவில்லை; அவள் ஊரில் பிள்ளைகள் பாலுக்கு அழும்போது சொல்கிற சொல் அது. ஆனால் பழகிவிட்டது. பேருந்து ஓட்டும் ஃபெரி பாச்சி 'நில்' என்பதைக் கொடுத்துவிட்டு, இறங்க வேண்டியவர்கள் தோளைத் தட்டினால்தான் நிறுத்துவேன் என்று சைகையில் சொல்லி, தோள் சிவக்க வண்டி ஓட்டினார். தபால் கொண்டுவரும் யூலி 'பய'த்தைக் கொடுத்தாள்; கொடுத்த மறுநாளே, வருஷக்கணக்காகச் சுற்றிப்போன நாயின் வீட்டு வாசலில் நேராக நடந்துபோய்க் கடிதத்தைப் போட்டாள்; நாய்தான் குழம்பிப்போய் உள்ளே போனது. குழாய் வேலை பார்க்கும் பாலின்ட் பாச்சி 'வேண்டாம்' என்பதைக் கொடுத்தார். அவர் மனைவி எடித் உலகம்மாளைத் தனியே கூப்பிட்டு, "அவசரமில்லை மகளே, நிதானமாகக் கற்றுக்கொள், ஒரு வருஷம்கூட ஆகட்டும்" என்று கையில் கேக்கைத் திணித்தாள். கல்லறைத் தோட்டத்துக் கதவைத் திறந்து பூட்டும் பேலா பாச்சி, பெண்டாட்டியை அங்கேயே புதைத்துவிட்டு அங்கேயே வேலை பார்ப்பவர், 'நாளைக்கு' என்பதைக் கொடுத்தார். "என் வேலையில் அது அதிகம் தேவைப்படுவதில்லை" என்றார். உலகம்மாள் அதைத் திருப்பிக் கொண்டுவந்தபோது, கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு அந்தச் சொல்லைப் புதிதாகக் கேட்பதுபோலக் கேட்டார். பிறகு சந்தைக்குப் போய் டேலியாப் பூக்கிழங்கு வாங்கி வந்து ஊன்றினார்.

வாங்கியதை எல்லாம் உலகம்மாள் திருப்பிக் கொடுத்தாள், ஒன்றைக்கூட வெறுமனே கொடுக்கவில்லை, கூடவே அதன் தமிழையும் வைத்தாள். மார்த்தாவுக்கு 'வலி' கொடுத்தாள், யூலிக்கு 'பயம்', ஃபெரி பாச்சிக்கு 'நில்லு', எடித்தின் ஏமாற்றத்தைப் பார்க்காமல் பாலின்ட் பாச்சிக்கு 'வேண்டாம்', பேலா பாச்சிக்கு 'நாளைக்கு'. இலோன்கா நேனி இரண்டாம் முறையாக, கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம், தன் மகன் வியன்னாவிலிருந்து வரப்போவதில்லை என்று தெரிந்த அன்று, தன்னிடம் இருந்த 'வீடு' என்ற சொல்லைக் கொண்டுவந்து கொடுத்தாள். "கொஞ்ச நாள் உன்னிடம் இருக்கட்டும். என்னிடம் இருந்தால் வலிக்கிறது" என்றாள். பனி உருகிய பிறகு உலகம்மாள் அதைத் திருப்பிக் கொடுத்தபோது, தன்னுடைய 'வீடு'ம் அதோடு போயிற்று.

தான் திருப்பிச் சொன்னதும் இவர்களுக்கு எப்படிச் சொல் வந்ததோ, அப்படியே தனக்கும் ஒருநாள் இவர்கள் திருப்பிச் சொல்வார்கள் என்று உலகம்மாள் காத்திருந்தாள். அவர்கள் சொல்லவில்லை. ஏனென்றால் மெஜ்ஹலோமில் வேறொரு வழக்கம் இருந்தது. கடன் வாங்கியதைத் திருப்பித் தராதவன் கெட்டவன். அன்பாகக் கொடுத்ததைத் திருப்பித் தருகிறவன் அவனைவிடக் கெட்டவன், அவன் உறவை அறுக்கிறான். மேல்தெருவில் இரண்டு குடும்பங்கள், யாரோ ஒருத்தியின் கல்யாணத்துக்கு வந்த ஒரு செம்புப் பானையைத் திருப்பிக் கொடுத்ததால், இன்றைக்கும் தேவாலயத்தில் ஒரே பெஞ்சில் உட்காருவதில்லை. அதனால் ஊரார் அவள் கொடுத்ததைக் கண்ணாக வைத்திருந்தார்கள், தங்களுக்குள் மட்டும் புழங்கினார்கள். யூலி அந்த நாய்க்கே 'பயம்' என்று பெயர் வைத்துக் கூப்பிட்டாள், அதுவும் வாலை ஆட்டியது. ரொட்டிக்கடையின் பின்கட்டில் "சூடு, சூடு" என்று குரல் கேட்கும். உலகம்மாள் மணியடிக்கக் கதவைத் திறந்தால் பேச்சு அப்படியே அடங்கி, மாவு படிந்த முகங்கள் அவளைப் பார்த்துச் சிரிக்கும். அவள் காதுபட ஒரு தமிழ்ச் சொல்லைச் சொல்லிவிடக் கூடாது என்பதில் ஊரே கவனமாக இருந்தது. அதுதான் மரியாதை என்று நினைத்தார்கள்.

அவளும் கேட்கவில்லை. கொடுத்ததை எந்த வாயால் கேட்பது?

இரண்டாம் வருஷம் நடந்தபோது, திராட்சைத் தோட்டத்து வேலைக்காரர்களோடு இலைக்கருகலைப் பற்றி அவர்கள் மொழியில் சண்டை போடும் அளவுக்கு உலகம்மாள் வந்துவிட்டாள். தமிழ்தான் அரிசிச் சாக்கில் ஓட்டை விழுந்ததுபோலக் கசிந்துகொண்டிருந்தது. கேட்டால் எல்லாம் புரிந்தது. நாக்குக்கோ விரலுக்கோ வரவில்லை. சினிமாப் பாட்டைப் போட்டுக் கூடவே பாடிப் பார்த்தாள். போன சொல் வரும் இடத்தில் எல்லாம் தாளம் மட்டும் வந்தது. அவளிடம் மிஞ்சியிருந்தவை, யாரும் கடன் கொடுக்காததால் யாருக்கும் போகாத சின்னச் சின்னச் சொற்கள்: நான், நீ, அது, இது, ஆமா, இல்ல, சரி. அப்புறம் 'அம்மா'. அந்தச் சொல்லை அவளும் யாரிடமும் கேட்டதில்லை, அந்த ஊரிலும் யாரும் கொடுக்க முன்வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் கோமதி பக்கத்து வீட்டுச் சொர்ணத்தின் போனிலிருந்து பேசுவாள். இரண்டு பேரும் பீடி சுற்றிக்கொண்டே பேசுவார்கள். இலை வெட்டும் கத்தரிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும்.

"என்னட்டி கொழம்பு வச்ச?"

"அது... அம்மா, அதுதான்."

"எது?"

"அந்த... நீ இதுல... அதும்மா."

"நான் எதுல? ஏட்டி, ஒனக்கு அங்கன யாரும் மருந்து கிருந்து வச்சிட்டாவளா?"

பக்கத்திலிருந்து சொர்ணத்தின் குரல் வரும். "தொரசாணி ஆயிட்டால்லா. பொறவு தமிழு எங்கன வரும்? நம்மளோட பேசுனா நாக்கு அழுக்காயிரும்."

"நீ சும்மா கெட சொர்ணம். அவளுக்குப் படிப்புக் கெடுபிடி" என்று கோமதி சொல்வாள். ஆனால் வாரம் போகப் போக அவள் பேச்சும் சுருங்கியது. ஒரே பிள்ளை. புருஷன் கேரளத்துக்கு ரப்பர் வெட்டப் போனவன், போனவன்தான். யாருமில்லாத வீட்டில் வாரம் முழுக்கச் சேர்த்து வைத்த பேச்சைக் கொண்டுவந்து கொட்டினால், மகள் 'ஆமா', 'இல்ல', 'சரி' என்று கதவைச் சாத்துவதுபோல இருந்தது. பெரிய படிப்புக்காரியாகிவிட்டாள், பீடிக்காரியிடம் பேச என்ன இருக்கிறது என்று ஒருநாள் நினைத்துக்கொண்டாள். அதை வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் உலகம்மாளுக்குக் கேட்டது.

மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கத்தரிச் சத்தமே இல்லை.

"ஏட்டி, ஒண்ணு சொல்லுதேன், பதறாத" என்றாள் கோமதி. "கொஞ்ச நாளா ரெத்தப்போக்கு நிக்கல. சொர்ணந்தான் திருநவேலிக்குக் கூட்டிட்டுப் போனா. கர்ப்பப்பையில கட்டி கெடக்காம். எடுத்துரணும், தள்ளிப்போட்டா உசுருக்கு ஆபத்துங்காவ டாக்டரம்மா. கையெழுத்துக் கேட்டாவ. நான் போடாம வந்துட்டேன்."

"அம்மா!"

"எப்பிடிப் போட? நீ இருந்த வீடுல்லா அது. நீ பத்து மாசம் காலு நீட்டிப் படுத்துக் கெடந்த வீடு. நீயும் அங்கன போயிட்ட. இதையும் வெட்டிக் கீழ போட்டுட்டா எங்கிட்ட என்ன இருக்கு?" போனை மறு காதுக்கு மாற்றினாள். "நீ ஒரு வார்த்த சொல்லு. நீ சொன்னாப் போடுதேன். இல்லன்னா இப்பிடியே கெடக்கேன்."

உலகம்மாளுக்குச் சொல்ல வேண்டியதெல்லாம் நெஞ்சில் இருந்தது. அதை ஹங்கேரியனில் அழகாக, பிழையில்லாமல் சொல்லியிருப்பாள். தமிழில் வாயைத் திறந்தாள். "அம்மா" என்றாள்.

"ம்."

"அம்மா."

"சொல்லு."

"அம்மா... நான்... நீ..."

மறுமுனையில் ஒரு தாய் காத்திருந்தாள், காத்திருந்து பார்த்தாள், பிறகு, "சரி, வையி. ஒனக்கு வேல கெடக்கும்" என்று போனை வைத்துவிட்டாள்.

அந்த வாரம் உலகம்மாள் எப்போது கூப்பிட்டாலும் சொர்ணம்தான் எடுத்தாள். "ஒங்கம்மா பேச மாட்டேங்கா. நாளுக்கு நாளு வெளுத்துட்டு வாரா. நீ பேசுனா எந்திரிப்பா. பேசவும் மாட்டேங்க, என்ன பிள்ள நீ?" உலகம்மாள் "ஆமா" என்றாள், அதைத் தவிர வேறென்ன சொல்வாள்?

வெள்ளிக்கிழமை தோட்டத்திலிருந்து திரும்பும் பேருந்தில், சந்தைக்குப் போய்த் திரும்பும் பாதி ஊருக்கு நடுவே, அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். அந்த ஊரில் பேருந்தில் அழுகிறவர்களை யாரும் பார்க்காததுபோல இருப்பார்கள். ஃபெரி பாச்சிக்கு மட்டும் அந்த நாகரிகம் கிடையாது, கண்ணாடியில் பார்த்து, ஊருக்கே கேட்கும்படி, "என்ன மகளே, யார் உன்னை அழவைத்தது? பெயரைச் சொல், வண்டியை அவன் வீட்டுக்கு விடுகிறேன்" என்றார்.

அவள் சொன்னாள். அம்மாவின் ரத்தப்போக்கை, கட்டியை, போடாமல் வந்த கையெழுத்தை, தான் இருந்த வீட்டை. ஒரு வார்த்தை சொல் என்று கேட்டதை.

"நீ என்ன சொன்னாய்?" என்று கேட்டாள் மார்த்தா, மருந்துப் பெட்டியை மடியில் வைத்தபடி.

"ஒன்றும் சொல்லவில்லை. என்னிடம் சொல் இல்லை."

"அதெப்படி இல்லாமல் போகும்? உன் மொழிதானே. எங்கே போயிற்று?"

உலகம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் வாயிலிருந்து அது வராது என்று தெரிந்தது.  யூலி தன் தோள்பையை இறுக்கிப் பிடித்தாள். பாலின்ட் பாச்சி தொப்பியைக் கழற்றினார். பேலா பாச்சி வெளியே பார்த்தார். ஒவ்வொருவரும் தங்களிடம் இருக்கும் அவளுடைய சொல்லை நினைத்தார்கள். நினைத்துவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஃபெரி பாச்சி வண்டியைத் திராட்சைச் சரிவில், நிறுத்தமே இல்லாத இடத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்தார்.

"நாம் திருடர்கள்" என்றார்.

"இல்லை" என்றாள் இலோன்கா நேனி, கடைசி இருக்கையிலிருந்து. "அவள் கொடுத்தாள், நாம் வாங்கினோம். எனக்கு வந்ததை நான் எவ்வளவு பத்திரமாக வைத்திருக்கிறேன் என்று கடவுளுக்குத் தெரியும்."

"அப்படியென்றால் திருப்பிக் கொடுத்துவிடுவோம்" என்றாள் யூலி.

"திருப்பிக் கொடுப்பதா? அவள் முகத்துக்கு நேரே? இவளோடு நமக்கு ஒட்டுமில்லை உறவுமில்லை என்று சொல்வதா? நான் மாட்டேன்" என்றார் பாலின்ட் பாச்சி.

"இவருக்கு 'வேண்டாம்' திரும்பி வந்ததிலிருந்து இதே கதைதான்" என்றாள் எடித். யாரும் சிரிக்கவில்லை. பிறகு கொஞ்சம் சிரித்தார்கள்.

உலகம்மாள், "வேண்டியதில்லை, கொடுத்ததைக் கேட்கும் வழக்கம் எங்களுக்கும் இல்லை" என்றாள். வண்டிக்குள் எல்லாரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். பின்னால் ஒரு டிராக்டர்காரர் ஹாரன் அடித்தார், அவரையும் உள்ளே கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார்கள், அவரும் ஒரு கட்சியில் சேர்ந்துகொண்டார். ஜன்னலில் ஆவி படிந்து வெளியே ஒன்றும் தெரியாமல் போன பிறகு, மார்த்தா மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள்.

"கொடுத்தவளிடம் சொன்னால்தான் அது திருப்பிக் கொடுத்ததாகும்" என்றாள். "கொடுத்தவளின் தாயிடம் சொன்னால்?"

எல்லாரும் யோசித்தார்கள்.

"அது விசாரிப்பு" என்றார் பேலா பாச்சி. "உடம்புக்கு முடியாதவர்களை விசாரிக்கப் போவது. அதில் தப்பில்லை."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, கோட்டும் தொப்பியுமாக, பனிச்சேறு படிந்த காலணிகளை வாசலில் வரிசையாகக் கழற்றிவிட்டு, இலோன்கா நேனியின் சமையலறைக்குள் அவர்கள் வந்தார்கள். இடம் போதாமல் கூடம் வரைக்கும் நின்றார்கள். நோயாளியைப் பார்க்கப் போவதால் சிலர் பூக்கூடக் கொண்டுவந்திருந்தார்கள், எங்கே வைப்பது என்று தெரியாமல் கையில் பிடித்திருந்தார்கள். என்ன சொல்ல வேண்டும் என்பதை உலகம்மாள் அவர்கள் மொழியில் சொல்லியிருந்தாள். அதற்கேற்ப மார்த்தா அவர்களை வரிசையில் நிறுத்தினாள். போனை மேசையில் வைத்து எல்லாருக்கும் கேட்கும்படி செய்தார்கள்.

"யாரு?" என்றாள் சொர்ணம்.

"அம்மா" என்றாள் உலகம்மாள்.

"ஏ கோமு, ஒம்மவ. நாலு வார்த்த பேசுவாளான்னு கேளு முதல்ல." போன் கைமாறும் சத்தம். "ம்" என்றாள் கோமதி, கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல.

யூலி முன்னால் வந்தாள். குனிந்து, மிகத் தெளிவாக, "பயம்" என்றாள். சொல்லிவிட்டு விலகினாள்.

"யாரது?" என்றாள் கோமதி.

பாலின்ட் பாச்சி தொண்டையைச் செருமிக்கொண்டு, "வேண்டாம்" என்றார்.

"என்னது?"

"வலி" என்றாள் மார்த்தா.

"நில்லு!" என்றார் ஃபெரி பாச்சி, வண்டியில் சொல்வதுபோலவே, மேசைக் கரண்டிகள் அதிர.

"ஏ சொர்ணம், இங்க வா, யாரோ வெள்ளக்காரவ பேசுதாவ. பயம் வேண்டாங்காவ. வலி நின்னுருமாம்லா." அவள் குரல் கிணற்றிலிருந்து கொஞ்சம் மேலே வந்தது. "யாருய்யா நீங்கள்லாம்? எம்பிள்ள நல்லா இருக்காளா?"

பேலா பாச்சி தொப்பியை மார்பில் வைத்துக்கொண்டு, ஒரு கணம் கண்ணை மூடி, "நாளைக்கு" என்றார்.

"நாளைக்கா? நாளைக்குத் திங்கக்கெழம. டாக்டரம்மா இருப்பாவதான்..." என்று இழுத்தாள் கோமதி. இழுத்துவிட்டு, "ஆனா நான் எப்பிடி..." என்றாள்.

கடைசியாக இலோன்கா நேனி வந்தாள். அடுப்பிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு மேசையோரம் உட்கார்ந்து, போனை அருகே இழுத்து, தன்னிடமிருந்ததை அதன் முன்னால் வைத்தாள். "வீடு."



"அதத்தான் நானும் சொல்லுதேன்" என்றாள் கோமதி, உடைந்துபோன குரலில். "எம்பிள்ள இருந்த வீடு. அத எப்பிடி எடுக்க விட?"

மார்த்தா உலகம்மாளைப் பார்த்தாள். இனி வரிசையில் யாருமில்லை. இதற்கு என்ன பதில் என்று ஊரில் யாரும் வைத்திருக்கவில்லை. உலகம்மாள் மேசைக்குக் குனிந்தாள். அவளிடம் இருந்ததெல்லாம் யாரும் வாங்காமல் விட்ட சில்லறைச் சொற்கள்தான்.

"அம்மா" என்றாள். இலோன்கா நேனியைப் பார்த்தாள். இலோன்கா நேனி மறுபடியும், இன்னும் மெதுவாக, "வீடு" என்றாள்.

"நீ" என்றாள் உலகம்மாள். "நீதாம்மா. அது இல்ல. நீ."

கூடத்தில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். கீழப்பாவூரிலும் யாரோ உறிஞ்சினார்கள், அது சொர்ணமாக இருக்க வேண்டும்.

"சரி" என்றாள் கோமதி. "சரிட்டி. போடுதேன்."

உடனே, போனைக் காதிலிருந்து எடுக்காமலே, பக்கத்தில் இருப்பவளிடம் ஒன்று விடாமல் சொல்லத் தொடங்கினாள்: "கேட்டியா சொர்ணம், பயம் வேண்டாமாம். வலி நின்னுருமாம். நாளைக்கே போவணுமாம். வீடு நாந்தானாம். எம்மவ சொல்லுதா." அவர்களிடமிருந்து வாங்கியதை அவள் சொல்லச் சொல்ல, ஒவ்வொன்றும், அதன் கையைப் பிடித்துக்கொண்டு மற்றச் சொற்களும், உலகம்மாளின் நாக்கடியில் வந்து உட்கார்ந்தன. சுற்றி நின்றவர்கள் யாரிடமும் எதுவும் குறையவில்லை, கோமதியிடமும் குறையவில்லை. ஒரு தாய் தன் பிள்ளைக்குச் சொல் கொடுத்தால் அது கடனிலும் சேராது பரிசிலும் சேராது என்று மார்த்தா பிற்பாடு ரொட்டிக்கடையில் விளக்கினாள்.

"அம்மா, நாளைக்கு எத்தன மணிக்கு?" என்றாள் உலகம்மாள். கேட்டதும் தன் குரலைத் தானே கேட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"விடியக்காலம் மொத பஸ்ஸுல போறோம். நீ கத்தாத, கேக்குது." கோமதி மூக்கைச் சிந்தினாள். "அந்தக் கடேசியாப் பேசுனாவளே, அவ்வொட்ட போனக் குடு."

"அவங்களுக்குத் தமிழ் தெரியாதும்மா."

"நான் ஒங்கிட்டயா கேட்டேன்? குடுட்டி."

உலகம்மாள் ஒலிபெருக்கியை அணைத்து, போனை இலோன்கா நேனியின் காதில் வைத்தாள். இலோன்கா நேனி இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். கோமதி பேசினாள். ஒரு வருஷமாகக் கொட்ட இடமில்லாமல் வைத்திருந்தது எல்லாவற்றையும் பேசினாள் போலிருக்கிறது. கூடத்தில் நின்றவர்கள் பூக்களை ஒரு வாளியில் போட்டார்கள், பாலின்ட் பாச்சி சொட்டிக்கொண்டிருந்த குழாயைப் பார்த்து அதைச் சரிசெய்தார், எடித் காப்பி போட்டாள், காப்பி ஆறியது, அவள் இன்னும் பேசிக்கொண்டிருந்தாள். இலோன்கா நேனி தலையாட்டினாள். நடுவில் ஒருமுறை சிரித்தாள். பிறகு நெடுநேரம் கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். கடைசியில் "இகென்" என்றாள். ஆமாம் என்று அர்த்தம். போனை மேசையில் வைத்தாள்.

எல்லாரும் அவளையே பார்த்தார்கள்.

"அம்மா என்ன சொன்னாள்?" என்று கேட்டாள் உலகம்மாள்.

"எனக்கு எப்படித் தெரியும்?" என்றாள் இலோன்கா நேனி. எழுந்து அடுப்பைப் பற்றவைத்தாள். "ஆனால் அவள் சொன்னது சரி."